மார்பகப் பரிசோதனை: கூட்டம் கலைந்த பிறகு பெண்கள் கேட்ட கேள்விகள்

மருத்துவமனை தூரத்தில் இருக்கும், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டுச் செலவு இடிக்கும், படிவத்தைக் கொடுத்தால் யாரிடம் படிக்கச் சொல்வது என்று தயங்கும் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசுவதும், அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும்தான் என் வேலை. கூட்டம் நடக்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார். அந்தக் கேள்விகளையும், இதே வேலையைத் தங்கள் பகுதியில் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எனக்கு வலியே இல்லை. நான் எதற்குப் பரிசோதனைக்கு வர வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பேரைத் தாமதப்படுத்துவதும் இந்த எண்ணம்தான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. "வலித்தால் போகலாம்" என்று இருந்தவர்கள் வலி வந்து போகும்போது, கட்டி பெரிதாகி அக்குள் வரை நெறி கட்டியிருக்கும். இரண்டு மார்பிலும் மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலிக்குப் பெரும்பாலும் புற்றுநோய் காரணமாக இருப்பதில்லை.

என் பையில் எப்போதும் ஒரு மணிச்சரம் இருக்கும். குண்டூசித் தலை அளவு மணியில் தொடங்கி, கட்டைவிரல் நகம் அளவு, பிறகு அதைவிடப் பெரியது என்று வரிசையாகக் கோத்தது. கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்க்கச் சொல்வேன். சிறியவை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் மட்டும் தெரியக்கூடியவை. பெரியவை குளிக்கும்போது தற்செயலாகக் கைக்குத் தட்டுப்படுபவை. "இதில் எந்த மணியில் டாக்டரிடம் போவீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலான விரல்கள் பெரிய மணியில்தான் நிற்கும். சிறிய மணியாக இருக்கும்போதே பிடிப்பதற்குத்தான் பரிசோதனை.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லையே?

2022இல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பெண்ணாக இருப்பதும் வயது கூடுவதும் தவிர வேறு எந்தத் தனிக் காரணமும் தெரிவதில்லை. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுபவை 100க்கு 5 முதல் 10 வரைதான். அதனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

அதே சமயம் அம்மா, சகோதரி, மகள் இவர்களில் யாருக்காவது இளம் வயதில் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, ஓர் ஆணுக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்பா வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குப் பரிசோதனையை முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கலாம்.

இது நான் செய்த எதனாலோ வந்ததா?

இல்லை. இது தண்டனை இல்லை, சாபம் இல்லை. அடிபட்டதால் வராது, இறுக்கமான உள்ளாடையால் வராது, தொட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ ஒட்டாது. மது, மாதவிலக்கு நின்ற பின் கூடும் உடல் எடை, உடலுக்கு அசைவில்லாத வாழ்க்கை இவை ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது கொஞ்சம் குறைக்கும். ஆனால் எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் வருகிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண் பெரும்பாலும் கையில் ஒரு ரிப்போர்ட்டோடு வந்திருப்பார் என்பதால், இதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதற்கும் போவதில்லை.

எந்த மாற்றத்தைக் கண்டால் உடனே போக வேண்டும்?

மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு. தோல் ஓரிடத்தில் உள்வாங்கிக் குழி விழுவது, அல்லது தடித்துத் துளைத்துளையாகத் தெரிவது. எப்போதும் வெளியே இருந்த காம்பு திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்வது. பிழியாமலே காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது. காம்பில் ஆறாத செதில் புண். ஒரு பக்க மார்பு மட்டும் அளவோ வடிவமோ மாறுவது.

கேன்சர் பற்றிய படங்களில் "சிவந்து போதல்" என்று காட்டுவார்கள். கறுத்த, மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல், கருஞ்சிவப்பாகவோ பக்கத்துத் தோலைவிட அடர்த்தியாகவோ தெரியலாம். அந்த இடம் சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்க மார்பு சில வாரங்களிலேயே வீங்கிச் சூடாகிவிட்டால் அது அவசரம். மருந்து கொடுத்தும் அடங்கவில்லை என்றால் மறுபடியும் போய்க் காட்ட வேண்டும்.

குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். கட்டி வந்தால் பால் கட்டியதுதானே?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் காட்டுங்கள். பால் கொடுக்கும்போதும் ஸ்கேன் எடுக்கலாம், அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மாதாமாதம் நானே தொட்டுப் பார்த்தால் போதாதா?

நானும் பல வருடங்கள் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். சீனாவின் ஷாங்காயில் 1989இல் தொடங்கி, சுமார் 2,66,000 பெண் தொழிலாளர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. சுய பரிசோதனையை முறையாகக் கற்றுக்கொண்ட குழுவில் இறப்பு குறையவில்லை. புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்காகச் செய்த பயாப்ஸிகள்தான் (கட்டியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதிப்பது) கூடின. அதனால் இப்போது பல நாடுகளில் "இன்ன தேதியில், இன்ன முறையில்" என்று வலியுறுத்துவதில்லை.

அதற்குப் பதிலாக நான் சொல்வது இதுதான்: உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். குளிக்கும்போது, உடை மாற்றும்போது பார்த்துக்கொண்டால் போதும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது பட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் போங்கள். மேமோகிராம் எட்டாத இடங்களில் பெரும்பாலான கட்டிகளை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பெண்ணின் கைதான்.

எந்த வயதில், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2024இல் வெளியான பரிந்துரை 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. பிரிட்டனில் 50லிருந்து 71 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழைப்பு வரும். உலக சுகாதார நிறுவனம், வசதி உள்ள நாடுகளில் 50 முதல் 69 வயதினருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்கிறது. உங்கள் நாட்டுத் திட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதுக் கணக்கு தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்குத்தான். கட்டி இருந்தால் 25 வயதானாலும் 80 வயதானாலும் போக வேண்டும். "உனக்குச் சின்ன வயசுதானே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

மேமோகிராம் எடுக்கும்போது என்ன நடக்கும்? வலிக்குமா?

அது ஒரு எக்ஸ்ரே. இயந்திரத்தின் முன் நின்றபடி ஒரு மார்பை ஒரு தட்டின் மேல் வைக்கச் சொல்வார்கள். மேலிருந்து இன்னொரு தட்டு இறங்கி அழுத்தும். சில நொடிதான். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கோணம், ஆக நான்கு படம். அழுத்தம் இருக்கும், சிலருக்கு வலிக்கும். அழுத்தினால்தான் படம் தெளிவாக வரும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். தாங்க முடியவில்லை என்றால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம், நிறுத்துவார்கள். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரத்தில் போனால் வலி குறைவாக இருக்கும். அன்றைக்கு அக்குளில் பவுடர், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், படத்தில் புள்ளியாகத் தெரிந்து குழப்பும். பழைய படம் இருந்தால் எடுத்துப் போங்கள்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ஒருமுறை எடுப்பதில் உடலில் படுவது சுமார் 0.4 மில்லிசீவர்ட். சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து நம் மேல் சுமார் ஏழு வாரத்தில் படும் அளவுதான் அது.

ஆண்கள் யாராவது பார்ப்பார்களா?

படம் எடுப்பவர் பல இடங்களில் பெண்தான். முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். மருத்துவர் ஆணாக இருந்தால் கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திரை சரியாக மூடாத அறையில் ஒரு பெண் ஒருமுறை சட்டையைக் கழற்றினால், அவரும் அவர் சொல்லக் கேட்ட பெண்களும் அடுத்த தடவை வர மாட்டார்கள்.

மேமோகிராம் இயந்திரமே எட்டாத இடத்தில் என்ன செய்வது?

பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் கையால் சோதித்துப் பார்ப்பது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல சான்று. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 1,50,000 பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்துப் பார்த்தார்கள், விழிப்புணர்வும் கொடுத்தார்கள். 20 ஆண்டு விவரம் 2021இல் வெளிவந்தது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது குறைந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் இயந்திரம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை என்று இது காட்டுகிறது.

மேமோகிராம் எடுத்த பிறகு மறுபடி வரச் சொன்னார்கள். கேன்சர்தானா?

பெரும்பாலும் இல்லை. மறுபடி கூப்பிடப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கடைசியில் புற்றுநோய் இருப்பதில்லை. படம் தெளிவில்லை, பழைய படம் கையில் இல்லை, மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கிறது என்று பல காரணங்கள் உண்டு. இன்னொரு கோணத்தில் படம், ஒரு ஸ்கேன், அவற்றிலும் தீராவிட்டால் பயாப்ஸி. ஆனால் "பெரும்பாலும் இல்லை" என்பதைக் கேட்டுவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போனால்தான் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியும்.

ஊசி போட்டு எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நோய் முற்றிய பிறகு வந்தவருக்கு ஊசி போட்டிருப்பார்கள், சில மாதத்தில் அவர் இறந்திருப்பார். பார்த்தவர்கள் ஊசியால்தான் போனார் என்று சொல்லியிருப்பார்கள். அவரைக் கொண்டுபோனது ஊசிக்கு முன்னால் கழிந்த காலம். பயாப்ஸி இல்லாமல் அது புற்றுநோயா, எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லவே முடியாது.

கண்டுபிடித்தால் மார்பையே எடுத்துவிடுவார்களா?

எப்போதும் இல்லை. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுத்தால், முழுவதும் எடுத்தவர்களுக்கு இணையாகவே உயிர் பிழைக்கிறார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 1970களில் தொடங்கிய இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாகி இதை உறுதி செய்தன. கட்டி சிறியதாக இருக்கும்போது இந்த வழி கிடைக்க வாய்ப்பு அதிகம். "எடுத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகிறது.

பரிசோதனையால் கெடுதலே இல்லையா?

உண்டு, அதைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். வீண் பதற்றம், தேவைப்படாமல் போகும் பயாப்ஸி ஒருபுறம். இன்னொன்று, வாழ்நாள் முழுவதும் தொந்தரவே கொடுத்திருக்காத ஒரு புற்றுநோயைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பது. பிரிட்டனில் 2012இல் ஒரு நிபுணர் குழு கணக்கிட்டது: 50 வயதிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பரிசோதனைக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 இறப்புகள் தடுக்கப்படும், 129 பேர் இப்படித் தேவையற்ற வைத்தியத்துக்கு உள்ளாவார்கள். யார் அந்த 129, யார் அந்த 43 என்று முன்கூட்டியே பிரிக்க முடிவதில்லை. நான் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறவள்தான். ஆனாலும் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு இந்தக் கணக்கு புரியாது என்று மறைப்பதை நான் ஏற்க மாட்டேன். எளிமையாகச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

ஏழைப் பெண்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்? விழிப்புணர்வு இல்லாததாலா?

ஓரளவுதான். தெரிந்தும் வர முடியாதவர்களே நான் பார்த்தவரை அதிகம். மருத்துவமனைக்குப் போக இரண்டு வண்டி மாற வேண்டும். போனால் ஸ்கேனுக்கு வேறொரு நாள், ரிப்போர்ட்டுக்கு மற்றொரு நாள், டாக்டர் பார்க்க இன்னொரு நாள். நான்கு நாள் கூலி போகும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் கேட்பது? ஒருமுறை ஒரு பதிவு கவுண்டரில், வயது என்ன என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்று சொன்ன ஒரு பெண்ணைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கையில் இருந்த சீட்டை நான்காக மடித்து, எட்டாக மடித்து, முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். அவரை "விழிப்புணர்வு இல்லாதவர்" என்று கணக்கில் எழுதுவது நியாயமா?

நியூயார்க்கின் ஹார்லெமில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் இதை நேரில் கண்டவர். 1964 முதல் 1986 வரை அங்கே ஒரு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 606 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோய் முற்றித்தான் வந்தார்கள். ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பரிசோதனை, அதோடு 1990இலிருந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் கூடவே வந்து வழிகாட்ட ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்தார்கள். 1995 முதல் 2000 வரை வந்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதமானார்கள். எங்கள் வேலையில் யாராவது மனம் சோர்ந்தால் நான் சொல்லும் கணக்கு இது.

எங்கள் பகுதியில் ஒரு முகாம் நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து. முகாமில் சந்தேகம் என்று வரும் பெண்ணை எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யார் பார்ப்பார்கள், பயாப்ஸிக்கு யார் செலவு, புற்றுநோய் என்றால் சிகிச்சை எங்கே? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை பேனர் அடிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது, கண்டுபிடிக்காமல் இருப்பதைவிடக் கொடியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தில் மூன்று இலக்குகள் இருக்கின்றன: 100க்கு 60 பேருக்காவது நோய் முற்றாத நிலையில் கண்டறிதல், முதல் சந்திப்பிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதி செய்தல், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முடித்தல். இரண்டாவதும் மூன்றாவதும் முகாமுக்குப் பிறகு நடப்பவை.

அப்புறம் நேரம். வேலைக்குப் போகும் பெண்களுக்குக் காலை பத்து மணி முகாம் உதவாது. மாலையோ விடுமுறை நாளோ வையுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலையில் ஏற்பாடு இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவரின் மார்பைப் படமெடுக்கும் அளவுக்கு இயந்திரம் தாழுமா என்று முன்பே கேளுங்கள். பெண்கள் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்களோ அந்த மொழியில் பேசுங்கள்.

களப்பணியாளராக யாரைச் சேர்ப்பது?

அந்தத் தெருவில் பிரச்சினை என்றால் பெண்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களோ அவரை. படிப்பு அடுத்தது, பயிற்சி நாம் கொடுத்துவிடலாம். நோயிலிருந்து மீண்டு வந்த ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. நான் அரை மணி நேரம் பேசி ஆகாதது, அப்படி ஒருவர் எழுந்து "எனக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு" என்று சொன்னதும் ஆகிவிடுகிறது. ஒன்று மட்டும் முக்கியம்: அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். சேவை என்று சொல்லி ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்குவது தவறு. இன்னொன்று, கேட்ட விஷயம் வெளியே போகக் கூடாது. ஒருவரின் ரிப்போர்ட் பற்றி ஒரே ஒரு முறை தெருவில் பேச்சு கிளம்பினாலும் அங்கே எல்லாம் முடிந்தது.

ஆண்களிடம் பேச வேண்டுமா?

வேண்டும், தனியாக. பணமும் வண்டியும் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆண்களுக்கும் இந்த நோய் வரும், மொத்தத்தில் 0.5 முதல் 1 சதவீதம். அதையும் சொல்லுங்கள்.

முகாமில் சந்தேகம் என்று வந்த பெண் மருத்துவமனைக்குப் போகவே இல்லை. என்ன செய்வது?

திட்டாதீர்கள். பயமுறுத்தாதீர்கள். போய் உட்காருங்கள்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சந்தேகம் என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எந்தத் தேதியில் எங்கே போக வேண்டும், போனாரா, அடுத்தது என்ன. ஒரு வாரத்துக்கு மேல் எந்தப் பக்கமும் வெறுமையாக இருக்கக் கூடாது. அப்படி வெறுமையாகக் கிடந்த ஒரு பக்கத்துக்காக மூன்று முறை ஒரு வீட்டுக்குப் போனேன். முதல் முறை "நாளைக்குப் போறேன்" என்றார். இரண்டாம் முறை கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை துணி துவைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தேன். கட்டி பற்றிப் பேசவில்லை. வாளி காலியாகப் போகும் நேரத்தில் அவரே சொன்னார்: "அங்க போனா எந்த ரூமுக்குப் போறதுன்னு எனக்குத் தெரியாது அக்கா."

இவ்வளவுதான் காரணம். நோய் மேல் பயமும் இருந்திருக்கும், ஆனால் அவரைத் தடுத்து வைத்திருந்தது அந்தக் கட்டடம். மறுநாள் கூடப் போனேன். பதிவு செய்யும் இடம், ஸ்கேன் அறை, பயாப்ஸி அறை, மூன்றையும் அவரையே முன்னால் நடக்கவிட்டுக் காட்டினேன். ரிப்போர்ட் வாங்க அவர் தனியாகவே போய்விட்டு வந்தார். புற்றுநோய்தான், இரண்டாம் நிலை. இப்போது கீமோ நடக்கிறது, அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை. அவருடைய பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.